நாலு பேர் சுமந்த படுக்கை: திருகோணமலைப் பயணக் குறிப்புகள்

செவ்வாய்க்கிழமை

மானிப்பாயிலிருந்து விடியப் புறப்பட்டு, யாழ்ப்பாணத்தில் பேருந்து ஏறி, வவுனியாவில் கண்டி வீதியை விட்டுக் கிழக்கே திரும்பி, ஹொரவப்பொத்தானை ஊடாகத் திருகோணமலை வந்து சேர்ந்தபோது பிற்பகலாகிவிட்டது. இது கச்சான் காற்று வீசும் காலம். வழி நெடுகிலும் பற்றைகள் காய்ந்து நின்றன. நகரை நெருங்கிய பின்னரே காற்றில் கடலின் ஈரம் தெரிந்தது.

ஊர் பார்க்கும் நோக்கத்தோடு நான் இங்கே வரவில்லை. பாரிசவாதத்தினால் வலது கையும் வலது காலும் சோர்ந்து, பேச்சும் குலைந்துபோன என் பெரியம்மாவோடு சில நாள் தங்கி, வேதத்தை வாசித்து, அவருடைய சுகத்துக்காகச் செபிக்க வந்திருக்கிறேன். அவர் பரம்பரை மெதடிஸ்தர். ஐம்பது வயதுக்கு மேலும் ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் கொடுத்தவர். இப்போது என்னைக் கண்டதும் என் பெயரைச் சொல்ல முயன்று, அது வராமல், இடது கையால் என் முகத்தைத் தடவினார்.

மாலையில் அக்கா விளக்கைப் போட்டுக் குடும்ப செபத்துக்கு எல்லோரையும் கூட்டினாள். தண்ணீர் வேண்டும் என்ற சிறு வாக்கியத்தைக்கூடக் கோத்தெடுக்க முடியாத பெரியம்மா, நாங்கள் “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று தொடங்கியதும் எங்களோடு சேர்ந்து, ஒரு சொல்லும் தவறாமல், கடைசி ஆமென் வரைக்கும் சொன்னார். எனக்கு மெய் சிலிர்த்தது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சிழந்த பலருக்கு, புதிதாக வாக்கியம் அமைக்கும் ஆற்றல் போனாலும், நெடுங்காலம் சொல்லிப் பழகிய செபங்களும் பாட்டுகளும் எண்வரிசையும் எஞ்சியிருப்பது உண்டென்று பேச்சுச் சிகிச்சை செய்பவர்கள் கூறுகிறார்கள். இதற்கு மருத்துவ விளக்கம் இருப்பதால் என் நன்றி குறையவில்லை. சிறு வயதில் மனனம் செய்ததெல்லாம் வெறும் ஒப்புவித்தல் என்று சொல்லுகிறவர்கள் பெரியம்மாவின் அருகே ஒரு மாலைப்பொழுது இருந்து பார்க்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

புதன்கிழமை

அயல்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, கத்தோலிக்கர். தெரு முழுவதற்கும் அவர் ‘ரீச்சர்’தான். பெரியம்மா நோயுற்ற நாளிலிருந்து நாள்தோறும் காலையில் வந்து, சுவிசேஷத்தில் ஒரு பகுதியை மெதுவாக வாசித்து, சிறிது நேரம் கூட இருந்துவிட்டுப் போகிறார். இன்று நானும் அவர்களோடு அமர்ந்தேன்.

அவர் வாசிக்கும் முறை பழைமையானது. பெனதிக்து முனிவரின் துறவு மடங்களில் ஆறாம் நூற்றாண்டிலேயே வேத வாசிப்புக்கென்று நாளின் சில மணித்தியாலங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கர்த்தூசியன் சபைத் துறவியான இரண்டாம் குய்கோ, அந்த வாசிப்பை ஓர் ஏணியின் நான்கு படிகளாக விளக்கி எழுதினார்: வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனின் முன்னிலையில் சொல்லின்றி இருத்தல். உணவை வாயில் இடுவது வாசிப்பு. அதை மென்று நொறுக்குவது தியானம். அதன் சுவையைக் கண்டடைவது செபம். உள்ளே பரவி உயிர் தரும் இனிமையே நான்காவது என்று அவர் சொன்னதை ரீச்சர் தம் பள்ளிக்கூடக் குரலில் எனக்கு விளக்கினார். பின்னர், “தம்பி, நீங்கள் புரட்டஸ்தாந்துக்காரர் முதற்படியில் கெட்டிக்காரர், நாங்கள் நாலாம் படிக்கு ஆசைப்பட்டு முதற்படியைச் சில வேளை மறந்துவிடுவோம்” என்றார். 1965இல் கத்தோலிக்க ஆயர்களின் பொதுச் சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் எல்லா விசுவாசிகளையும் வேதத்தை அடிக்கடி வாசிக்கவும், வாசிப்போடு செபத்தைச் சேர்க்கவும் வற்புறுத்தியதன் பிறகே தம் வீட்டிலும் வேதாகமம் அலுமாரியிலிருந்து மேசைக்கு வந்ததென்றும் சொன்னார்.

இன்றைய பகுதி மாற்கு இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கம். கப்பர்நகூமில் இயேசு ஒரு வீட்டில் இருக்கிறார். வாசலருகிலும் நிற்க இடமில்லாதபடி சனம் கூடியிருக்கிறது. கைகால் வழங்காத திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் சுமந்து வருகிறார்கள். உள்ளே போக வழியில்லாமல் கூரையைப் பிரித்து அவனைப் படுக்கையோடு இறக்குகிறார்கள். ரீச்சர் இதை முதலில் ஒருமுறை வாசித்து நிறுத்தினார். இரண்டாம் முறை இன்னும் மெதுவாக வாசித்தார். மூன்றாம் முறைக்கு முன், காட்சிக்குள் தம்மை வைத்துப் பார்க்குமாறு எங்களைக் கேட்டுக்கொண்டார். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் கற்பித்த முறை அது. இந்த மறைமாவட்டத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு இயேசு சபையினர் பணியாற்றியதால், திருகோணமலைக் கத்தோலிக்கருக்கு அது வழிவழியாக வந்த பழக்கம்.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலஸ்தீன நாட்டுப் பழைய வீடுகளின் கூரை, மரச் சட்டங்களின் மேல் கிளைகளைப் பரப்பிக் களிமண் பூசி அமைத்த தட்டையான கூரை. வெளிப்புறப் படி வழியாக அதன்மேல் ஏறலாம். அதை உடைத்தபோது மண்ணும் தூசியும் கீழே போதகரின் தலைமேல் கொட்டியிருக்கும். வீட்டுக்காரர் சத்தமிட்டிருப்பார். அந்த அமளிக்கு நடுவே இயேசு எதைக் கண்டார் என்பதை மாற்கு தெளிவாகச் சொல்லுகிறார்: “அவர்கள் விசுவாசத்தைக் கண்டு.” படுத்திருந்தவனுடைய விசுவாசத்தை மட்டும் அளந்து பார்த்ததாக அங்கே எழுதப்படவில்லை. சுமந்து வந்தவர்களும் அந்த ‘அவர்கள்’ என்னும் சொல்லுக்குள் நிற்கிறார்கள். மூன்றாம் முறை வாசித்தபோதுதான் இன்னொன்று என் கண்ணில் பட்டது. அந்தக் கதை முழுவதிலும் நோயாளி ஒரு சொல்லும் பேசவில்லை. சுகம் தாரும் என்று கேட்கவில்லை. விசுவாசிக்கிறேன் என்று அறிக்கையிடவில்லை. எழுந்தபின் நன்றி சொன்னதாகவும் மாற்கு எழுதவில்லை. இதை நான் உரக்கச் சொன்னபோது பெரியம்மா என்னை உற்றுப் பார்த்து, இடது கையால் தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அதன் பின் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. ரீச்சர் நான்காம் படி என்று சொன்னது இதுதான் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை

விடியற்காலையில் பிரட்றிக் கோட்டைப் பக்கம் நடந்தேன். கோட்டைக்குள் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன; ஈர வேட்டியோடும் அருச்சனைத் தட்டுகளோடும் அடியார்கள் கோணேசர் கோயிலுக்கு மலையேறிப் போய்க்கொண்டிருந்தார்கள். 1620களில் போர்த்துக்கீசர் அந்தப் பழங்கோயிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டு இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். அவர்கள் கையில் இருந்தது நான் வாசிக்கும் அதே சுவிசேஷம். இந்த ஊரில் கிறிஸ்தவனாக நின்று செபிக்கிறவன் அந்தத் துயரத்தையும் சேர்த்தே இறைவன் முன் வைக்கவேண்டும் என்று நம்புகிறேன்; அவ்வாறே வைத்தேன்.

காலை ஒன்பது மணிக்குப் பெரியம்மாவை உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்றோம். ஓட்டோ ஓட்டுகிறவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் நானா. நோய் கண்ட அன்று பெரியம்மாவின் வாய் கோணியதையும் பேச்சுக் குழறியதையும் கண்டு, தேநீர் ஆற்றிக் கொடுக்கவும் விபூதி பூசவும் எண்ணெய் தடவவும் ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்த அயலாரை விலக்கி, அவரைக் கதிரையோடு தூக்கி ஓட்டோவில் வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனவர் இவர்தான் என்று அக்கா சொன்னாள். இரத்தக் கட்டியினால் வரும் பாரிசவாதத்துக்கு அதைக் கரைக்கும் ஊசி மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும். ஆகவே முகம் கோணினால், ஒரு கை தாழ்ந்தால், பேச்சுக் குழறினால் முதலில் செய்யவேண்டியது வைத்தியசாலைக்கு விரைவது; செபத்தை ஓட்டோவுக்குள் இருந்தே செய்யலாம்.

வைத்தியமும் செபமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற எண்ணம் எங்கள் சபைகளுக்குள் எப்படி நுழைந்ததென்று எனக்கு விளங்கவில்லை. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1746இல் இலண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்தகம் திறந்தவர். அடுத்த ஆண்டு எளியவர்களுக்கென்று வைத்தியக் குறிப்பு நூலொன்றை வெளியிட்டவர். எங்கள் மானிப்பாயிலோ, 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை வைத்தியத்தைக் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழ் மொழியிலேயே வைத்தியர்களைப் பயிற்றுவித்தார். அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலையின் மணியோசையைக் கேட்டு வளர்ந்தவன் நான். கத்தோலிக்க வேதாகமத்திலுள்ள சீராக்கின் ஞான நூல் முப்பத்தெட்டாம் அதிகாரமும் இதையே கற்பிக்கிறது: நோயில் இறைவனிடம் மன்றாடு, மருத்துவருக்கும் இடம் கொடு, அவரையும் ஆண்டவரே படைத்தார்.

பயிற்சி அறையில் பெரியம்மா வலது கையின் சுண்டுவிரலைச் சற்று மடக்கினார். சிகிச்சையாளரான சிங்களப் பெண் கைதட்டினார்.

வெள்ளிக்கிழமை

அநுராதபுர வீதியில் நகரிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. பெரியம்மாவை அங்கே கொண்டுபோகும்படி உறவினர் ஒருவர் பல நாளாக வற்புறுத்தியிருந்தார். அவர் வர விரும்பவில்லை. ஆகவே நானும் அத்தானும் மட்டும் போய் வந்தோம். சதுரமான ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றின் சூடும் ஒவ்வொரு விதம். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியவை என்று ஐதிகம் சொல்லுகிறது. இன்றும் ஆடி அமாவாசையில் சைவ மக்கள் இங்கே பிதிர்க்கடன் செய்கிறார்கள். மூட்டு நோவுக்கு இந்த நீர் நல்லதென்று நம்பிச் சகல சமயத்தவரும் வருகிறார்கள். தாங்கிப் பிடித்து நடத்திவந்த ஒரு முதியவருக்கு அவருடைய பேரன் வாளியால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தான்.

மரநிழலில் இருந்து யோவான் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தேன். எருசலேமில் ஆட்டு வாசலருகே பெதஸ்தா என்னும் குளம், ஐந்து மண்டபங்கள், அவற்றில் குருடர், சப்பாணிகள், சூம்பின உறுப்புடையவர் என்று ஏராளமானோர். அந்தக் குளத்தின் கட்டடச் சிதைவுகளை இன்றும் எருசலேமில் புனித அன்னாள் ஆலயத்தின் பக்கத்தில் காணலாம். முப்பத்தெட்டு வருடம் நோயாளியாகக் கிடந்த ஒருவனிடம் இயேசு, சுகமாக விரும்புகிறாயா என்று கேட்கிறார். அவன் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும்போது என்னைக் குளத்தில் இறக்கிவிட ஒருவருமில்லை என்கிறான்.

புதன்கிழமை வாசித்தவனுக்கு நாலு பேர் இருந்தார்கள். இவனுக்கு ஒருவரும் இல்லை. முப்பத்தெட்டு வருடம் அவனைத் தாண்டிப் போனவர்களிலே செபம் செய்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆலயம் அருகிலேயே இருந்தது. இந்த ஒரு வசனத்தில் நெடுநேரம் தங்கிவிட்டேன். யாருமில்லாதவனிடம் இயேசு தாமே போனார் என்பது எனக்கு ஆறுதல். ஆனால் அந்த மண்டபங்களில் அத்தனை பேர் கிடக்க, எழுந்து நடந்தவன் ஒருவன் என்றே யோவான் சொல்லுகிறார். மற்றவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதற்கு இலகுவான விளக்கம் தருகிறவர்களை நான் நம்புவதில்லை. இந்தக் கேள்வியை மூடி வைக்காமல் அப்படியே செபத்துக்குள் கொண்டுபோகவேண்டும். சங்கீதக்காரரும் அவ்வாறே செய்தார். எண்பத்தெட்டாம் சங்கீதம் முறையீட்டில் தொடங்கி, ஆறுதலின் ஒரு வரிகூட இல்லாமல் முறையீட்டிலேயே முடிகிறது. அதுவும் வேதம்தான், அதுவும் செபம்தான்.

சனிக்கிழமை

இன்று நடந்ததைக் கோபம் தணிந்த பிறகே எழுதுகிறேன். அக்காவின் சிநேகிதி ஒருவர் அன்போடுதான் ஓர் இளம் ஊழியரை வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் பெரியம்மாவின் தலையில் கைவைத்து உரத்த குரலில் செபித்தார், நடக்கும்படி கட்டளையிட்டார். பெரியம்மா எழ முயன்று சரிந்தார். அத்தான் பாய்ந்து தாங்கிக்கொண்டார். அப்போது அந்த ஊழியர், உள்ளே அவிசுவாசம் இருக்கிறது, அறிக்கையிடாத பாவம் ஏதோ தடுக்கிறது, குளிசைகளை நிறுத்திவிட்டுக் கர்த்தரை மாத்திரம் நம்புங்கள் என்று சொன்னார். பதில் சொல்ல வாயில்லாத ஒரு வயோதிபத் தாய், தம் முன்னே தம்மைக் குறித்துச் சொல்லப்பட்டதைக் கேட்டு விம்மி அழுதார்.

கடவுள் சுகமாக்குகிறார் என்று நான் விசுவாசிக்கிறேன். தைரியமாகக் கேட்கவேண்டும் என்றும் விசுவாசிக்கிறேன். அதனாலேயே இதை மறுக்கிறேன். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் அல்ல என்று இயேசு சொன்னார். பவுல் தம் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லை, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற சொல்லே கிடைத்தது. அதே பவுல் துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டு வந்ததாக எழுதுகிறார். வயிற்று நோயுள்ள தீமோத்தேயுவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொல்லுகிறார். இவர்களிடம் விசுவாசம் இல்லையென்று யார் சொல்லத் துணிவார்?

மாலையில் ரீச்சரோடு யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்தேன். “உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால், அவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக.” நோயாளி செய்யவேண்டியது ஆளனுப்பி அழைப்பது ஒன்றே. வருவதும், எண்ணெய் பூசுவதும், விசுவாசமுள்ள செபத்தைச் செய்வதும் மூப்பர்களின் கடமை. விசுவாசம் போதாதென்று யாரையாவது விசாரிப்பதானால், யாக்கோபின்படி மூப்பர்களைத்தான் முதலில் விசாரிக்கவேண்டும். படுக்கையில் கிடப்பவரின் மேல் அந்தப் பாரத்தைப் போடுவது வேதத்தைத் தலைகீழாக வாசிப்பது.

ரீச்சர் தம் சபையின் அனுபவத்தைச் சொன்னார். முன்பு சுவாமி, அதாவது குருவானவர், எண்ணெயோடு வந்தாரென்றால் வீடு அழத் தொடங்கிவிடுமாம். சாகும் தறுவாயில் மட்டும் தரும் சடங்கென்று அது கருதப்பட்டது. வத்திக்கான் சங்கத்தின் போதனைக்குப் பிறகு, 1972இல் ஆறாம் பவுல் பாப்பரசர் அச்சடங்கைச் சீர்திருத்தியதன் பயனாக, கடும் நோயுற்றவரும் தளர்ந்த முதியவரும் நெற்றியிலும் கைகளிலும் பூசுதல் பெற்று வாழும் பலம் கேட்கும் அருட்சாதனமாக அது இப்போது விளங்குகிறது. சுகமளிக்கும் செபக்கூட்டங்கள் குறித்து 2000ஆம் ஆண்டில் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தலும் அவர் நினைவில் இருந்தது: சுகம் வேண்டுவது நல்லது, மனித இயல்புக்கு உரியது, ஆனால் வெறியாட்டமும் நாடகத்தன்மையும், முக்கியமாக அதை நடத்துகிறவர்களிடம், இருக்கக்கூடாது. பிரான்சிலுள்ள யாத்திரைத் தலமான லூர்து நகரில் 1858 தொட்டு ஆயிரக்கணக்கானோர் சுகம் பெற்றதாக அறிவித்திருந்தும், திருச்சபை அற்புதமென ஏற்றவை எழுபதைச் சற்றே கடந்தவை என்றார். இந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. அற்புதத்தை மதிக்கிறவர்களே அதை அவ்வளவு கவனமாகச் சோதிப்பார்கள்.

இரவு குளிசைகளைக் கொடுத்துவிட்டு, பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ரோமர் எட்டாம் அதிகாரத்தில் ஆவியானவர்தாமே “வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு” நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்ற இடத்தை வாசித்தேன். இரண்டாம் முறை வாசிக்கக் கேட்டு விரலைக் காட்டினார். மூன்றாம் முறையும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை

மெதடிஸ்த ஆலயத்தில் காலை ஆராதனை. ஆராதனைக்குப் பின் போதகர் வீட்டுக்கு வந்தார். நேற்றைய சம்பவத்தைக் கேட்டு, பெரியம்மாவின் கட்டிலருகே அமர்ந்து, முதலில் எதையும் செபிக்காமல் அவரைப் பார்த்து, “அம்மா, உங்களில் குறையொன்றும் இல்லை” என்று சொன்னார். பிறகு ஒலிவ எண்ணெயை நெற்றியில் தொட்டு வைத்துத் தாழ்ந்த குரலில் செபித்தார். ஓட்டோ நானா வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னபோது செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கைகளை ஏந்தித் தம் முறையில் துஆக் கேட்டார்.

போதகரிடம் நாங்கள் கேட்ட கேள்வி, என்ன வேண்டிச் செபிப்பது என்பது. முழுச் சுகத்தைக் கேளுங்கள், தயங்காதீர்கள் என்றார். கெத்செமனேயில் இயேசுவும் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று முதலில் வெளிப்படையாகவே கேட்டார். உமது சித்தம் ஆகட்டும் என்பது அதன் பின்னரே வந்தது. ஏமாற்றத்துக்குப் பயந்து முதல் வாக்கியத்தை விழுங்கிவிட்டு இரண்டாவதை மட்டும் சொல்லுகிறவர்கள் உள்ளத்தை முழுவதும் திறப்பதில்லை என்றார். அத்தோடு அன்றன்றைக்குத் தேவையானதையும் பெயர் சொல்லிக் கேட்கச் சொன்னார். அப்படியே ஒரு தாளில் எழுதினோம்: விழுங்கும்போது புரைக்கேறாதிருக்க, வலது கை விரல்களுக்குப் பலம் வர, இரவில் வரும் பயம் நீங்க, சிகிச்சை தரும் பெண்ணின் கைகளுக்கு ஆசீர்வாதம், அக்காவுக்கு நித்திரை. கடைசி வரியைப் பெரியம்மாவே சேர்க்கச் செய்தார். நேற்று வந்த அந்த இளம் ஊழியர் இருந்த கதிரையைச் சுட்டிக்காட்டி, நாங்கள் விளங்கிக்கொள்ளும் வரை விடவில்லை. அவருக்காகவும் செபிக்கவேண்டும் என்று எழுதிக்கொண்டேன்.

அக்கா இரவில் ஒழுங்காகத் தூங்கி நெடுநாளாகிறது. ஆகவே செபத்தோடு முறையும் வகுத்திருக்கிறோம்: செவ்வாயும் வெள்ளியும் இரவில் ரீச்சர் வந்து தங்குவார், சிகிச்சை நாட்களில் மெதடிஸ்தப் பெண்கள் சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போவார், மாதத்தில் ஒரு வார இறுதிக்கு நான் யாழ்ப்பாணத்திலிருந்து வருவேன். நாளை காலை பேருந்து. தினமும் மாலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் வேத வாசிப்புத் தொடரும்; வாசிப்பது நான், முடிவில் கர்த்தருடைய செபத்தைத் தொடங்கி நடத்துவது பெரியம்மா. மாற்கு மூன்றாம் அதிகாரத்திலிருந்து ஆரம்பிக்கிறோம்.